குப்பை ஒப்பந்தக் கூட்டத்தில் விலைக்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி இது: பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாம் பக்கத்தில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி), சுமார் 400 தரைவீடுகள், பக்கத்திலேயே 300 யூனிட் அடுக்குமாடி. குப்பை எடுப்பது பற்றிக் குடியிருப்பாளர் சங்கத்தில் கூட்டம் வைத்திருக்கிறார்கள். ஒரு தரப்பு, "கேஎல் (கோலாலம்பூர்) மாதிரி ஒரே கம்பெனியிடம் நீண்ட ஒப்பந்தத்தில் கொடுத்துவிடலாம், அங்கே சுத்தமாக இருக்கிறது" என்கிறது. மறு தரப்பு, "மாநகராட்சியே எடுக்கட்டும், தனியார் வந்தால் சுக்காய் பிந்து (வீட்டு மதிப்பீட்டு வரி) ஏறும்" என்கிறது. யார் சொல்வது சரி, கூட்டத்தில் என்ன கேட்பது என்று சங்கச் செயலாளர் கேட்டிருக்கிறார்.

முதலில் "கேஎல் மாதிரி" என்ற பேச்சைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் குப்பை எடுப்பது அந்நகரின் மாநகராட்சியான டிபிகேஎல் போட்ட ஒப்பந்தம் அல்ல. 2007-இல் நிறைவேறிய 672-ஆவது சட்டம், அதாவது திடக்கழிவு, பொதுத்தூய்மை நிர்வாகச் சட்டம், 2011 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஏற்றுக்கொண்ட இடங்களில் குப்பைப் பொறுப்பு ஊராட்சி மன்றங்களிடமிருந்து (மாநகராட்சியும் இதில் அடக்கம்) கூட்டரசுக்கு, அதாவது மத்திய அரசுக்கு, போய்விட்டது. கண்காணிப்பது எஸ்டபிள்யூ கார்ப் என்ற கூட்டரசு அமைப்பு. வேலையைச் செய்வது நீண்டகால ஒப்பந்த உரிமை பெற்ற மூன்று நிறுவனங்கள்: கோலாலம்பூர், புத்ராஜெயா, பகாங்கில் அலாம் ஃபுளோரா, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலானில் எஸ்டபிள்யூஎம், கெடா, பெர்லிஸில் இ-இடாமான். ஒப்பந்தக் காலம் 22 ஆண்டு, 2033 வரை. பினாங்கு, சிலாங்கூர், பேராக், கிளந்தான், திரங்கானு இந்தச் சட்டத்துக்குள் போகவில்லை. ஆகவே ஆயர் ஈத்தாமில் இருக்கும் ஒரு சங்கம் "கேஎல் மாதிரி" வேண்டும் என்று தீர்மானம் போட்டால் அது மாநகராட்சிக்கு எழுதும் கடிதமாக இருக்காது. மாநிலமே ஒரு கூட்டரசுச் சட்டத்தை ஏற்க வேண்டும் என்ற கோரிக்கையாகிவிடும். பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்காது. கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டால் வீண் சண்டை குறையும்.

தனியார், மன்றம் என்று இரண்டே வழி இருப்பதாகவும் நினைக்க வேண்டாம். சிலாங்கூரில் 2011 அக்டோபரில் அலாம் ஃபுளோராவிடமிருந்து ஊராட்சி மன்றங்களே வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டன. 2016-இலிருந்து மாநில அரசுக்குச் சொந்தமான கேடிஇபி நிறுவனம் கட்டம் கட்டமாகப் பொறுப்பேற்றது.

இனி வரி. குப்பைக்கென்று நம் பில்லில் தனி வரி எதுவும் இல்லை. மதிப்பீட்டு வரிக்குள்ளேயே கால்வாய், தெருவிளக்கு, புல்வெட்டு எல்லாம் கலந்து கிடக்கிறது. கோலாலம்பூரிலும் மக்கள் கட்டுவது அதே வரிதான். மன்றங்களின் பங்கு போக மிச்சச் செலவைக் கூட்டரசு ஏற்கிறது. அங்கே வீட்டுக்காரரின் கண்ணுக்கு விலை குறைவாகத் தெரிவதற்கு இது ஒரு பெரிய காரணம். பணம் வேறு பையிலிருந்து போகிறது, அவ்வளவுதான்.

சுக்காய் பிந்து ஏறுவதற்கும் குப்பை ஒப்பந்தத்துக்கும் நேரடித் தொடுப்பு கிடையாது. வரி இரண்டு எண்களின் பெருக்கல்: வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பு, அதன்மேல் ஒரு விழுக்காடு. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம், 171-ஆவது சட்டம், ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டுக்கு மேல் விதிக்கக்கூடாது என்கிறது; நடப்பில் விதிப்பது அதற்கு மிகமிகக் கீழே. மதிப்புப் பட்டியலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், மாநில அதிகாரம் விரும்பினால் தள்ளிப்போடலாம் என்றும் சொல்கிறது. பிரச்சினை தள்ளிப்போடுவதில்தான். கோலாலம்பூரில் 1992-இல் போட்ட மதிப்பு 2013 இறுதி வரை அப்படியே கிடந்தது. திடீரென்று புதிய மதிப்புடன் நோட்டீஸ் வந்ததும் ஊரே கொதித்தது. கடைசியில் 2014-இல் குடியிருப்புகளுக்கான விழுக்காட்டை 6-இலிருந்து 4 ஆகவும், வணிகக் கட்டடங்களுக்கு 12-இலிருந்து 10 ஆகவும் குறைத்தார்கள். குறைத்தும் பலருக்கு வரி ஏறியது. கணக்குக்கு ஒரு வீட்டை எடுங்கள்: பழைய ஆண்டு மதிப்பு 3,600 ரிங்கிட், 6 விழுக்காடு, வரி 216. புதிய மதிப்பு 9,600, 4 விழுக்காடு, வரி 384. விழுக்காடு இறங்கியது, பில் 78 விழுக்காடு ஏறியது. அதனால் "விகிதம் ஏறாது" என்று யாராவது உறுதி கொடுத்தால், "மதிப்பு மறுகணிப்பு எப்போது?" என்று உடனே கேளுங்கள்.

இப்போது கூட்டத்தின் உண்மையான விஷயத்துக்கு வருவோம். ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது தொகையை அல்ல, எந்த அலகுக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்பதைத்தான். டன்னுக்கா, வீட்டுக்கா, லோரி-நாளுக்கா? தனியார் எடுத்தாலும் மன்றம் எடுத்தாலும் தெருவில் எது தவறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது இந்த அலகுதான்.

டன் கணக்கில் பணம் என்றால் எடை கூடுவதில் ஒப்பந்தக்காரருக்கு லாபம். நம் குப்பையில் எடையைக் கூட்டுவது சுலபம். 2012-இல் கூட்டரசு எடுத்த ஆய்வில் வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவு, 13.2 நெகிழி, 12.1 அணையாடை, 8.5 காகிதம். பாதிக்குப் பக்கம் ஈரம். மூடி உடைந்த தொட்டியில் மழை விழுந்தால் நீங்கள் மழைக்கும் காசு கொடுக்கிறீர்கள். கடைக் குப்பையையோ, வீடு புதுப்பிக்கும் வேலையின் சிமெண்டு உடைசலையோ அதே லோரியில் ஏற்றினால் அதற்கும் நீங்களே. மறுசுழற்சியைக் கூட்டினால் ஒப்பந்தக்காரருக்கு வருமானம் குறைகிறது; பிரித்து வைத்த பையையும் அவர் அதே லோரியில் போட்டு நசுக்குவதில் வியப்பில்லை. உங்கள் 400 வீடுகளையே எடுங்கள். வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு நாளைக்கு 1.17 கிலோ என்று வைத்துக்கொள்வோம்: நாளைக்கு 2,340 கிலோ, வாரத்துக்கு 16.4 டன், ஆண்டுக்கு 850 டன்னுக்கு மேல். கணக்குக்காக டன்னுக்கு 100 ரிங்கிட் என்று வைத்தால், பத்து விழுக்காடு தண்ணீரும் அந்நியக் குப்பையும் சேர்ந்தாலே ஒரு தாமானுக்கு ஆண்டுக்கு 8,500 ரிங்கிட் கசிகிறது.

இதற்குப் பரிகாரம் எடைமேடையில் இருக்கிறது. ஒவ்வொரு நடைக்கும் எடைச் சீட்டு வேண்டும்: லோரி எண், உள்ளே வந்த நேரம், நிறை எடை, கொட்டிவிட்டு வெளியேறும்போது வெறும் எடை. வெறும் எடையை ஒருமுறை அளந்து அதையே மாதக்கணக்கில் பயன்படுத்துவது பல இடங்களில் இருக்கும் சோம்பேறித்தனம். டீசல் தொட்டி நிறைந்தும் குறைந்தும் இருக்கும், கெலிண்டான் (லோரி உதவியாளர்) மூன்று பேர் ஏறியும் இறங்கியும் இருப்பார்கள், பெட்டியின் அடியில் சேறு ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் வித்தியாசம் காட்டும். அதோடு அந்த லோரியின் ஜிபிஎஸ் தடத்தைச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். ஆயர் ஈத்தாம் தடத்துக்கு எழுதிய லோரி பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குள் இருபது நிமிடம் நின்றிருந்தால் அது ஏன் என்று கேட்கலாம்.

வீட்டுக் கணக்கில் பணம் என்றால் நோய் வேறு மாதிரி. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தொகை ஒன்றே; முட்டுச்சந்தும் குறுகிய பின்சந்தும் விடுபடும். ஒப்பந்தக்காரரைக் குறை சொல்லும் முன் இன்னொன்றையும் பாருங்கள். தாமான்களில் லோரி நுழையாததற்குப் பாதிக் காரணம் இரண்டு பக்கமும் நிறுத்திய கார்கள்தான். குப்பை எடுக்கும் நாளில் மட்டுமாவது எந்தப் பக்கம் கார் நிறுத்தக்கூடாது என்று தெருக்காரர்களே முடிவு செய்து வைத்தால் எந்த ஒப்பந்தமும் தராத பலன் கிடைக்கும். வீட்டுக் கணக்கில் இன்னொரு ஓட்டை வீட்டு எண்ணிக்கை. புதிதாக எழும்பிய அடுக்குமாடி, பூட்டிக் கிடக்கும் வீடு, ஒரே வீட்டில் பன்னிரண்டு தொழிலாளர்கள் தங்கும் விடுதி, எல்லாம் பட்டியலில் "ஒரு வீடு". ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையைத் திருத்த வேண்டும் என்ற விதி இல்லாவிட்டால் இரண்டாம் ஆண்டிலேயே சண்டை தொடங்கும்.

மன்றமே எடுக்கும் முறையில் இந்த இரண்டு ஓட்டைகளும் சிறிதாகும். ஆனால் லோரி பழுது, மிகைநேர ஊதியம் என்று செலவு வேறு தலைப்புகளில் ஒளிந்துகொள்ளும். இங்கேதான் ஒப்பீடு பெரும்பாலும் ஏமாற்றமாகிறது. மன்றத்தின் செலவு என்று காட்டும்போது ஓய்வூதியம், பட்டறை, மாற்று லோரி, தேய்மானம் விடுபடும். தனியாரின் விலை என்று காட்டும்போது கொட்டுகட்டணம் (குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டும் இடத்தில் கட்டுவது), மன்றம் வைக்கும் மேற்பார்வையாளர்கள், தவறிய தெருவுக்கு மன்றம் அனுப்பும் அவசர லோரி விடுபடும். இரண்டு பட்டியலிலும் ஒரே தலைப்புகள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எந்தப் பக்கம் மலிவு என்று யாராலும் சொல்ல முடியாது.

கொட்டுகட்டணம் என்றேனே, அது சிறிய விஷயமில்லை. தீவின் குப்பை பத்து மாவுங் மாற்று நிலையத்துக்குப் போய், அங்கிருந்து கடல் தாண்டிப் பெருநிலத்தில் நிபோங் திபால் பக்கம் உள்ள புலாவ் புரோங் நிலநிரப்புக்குப் போகிறது. கோலாலம்பூரில் தாமான் பெரிங்கின் மாற்று நிலையம், அங்கிருந்து பெரிய டிரெய்லர்களில் உலு சிலாங்கூரின் புக்கிட் தாகார் நிலநிரப்பு. சிறிய லோரி அவ்வளவு தூரம் ஓடினால் டீசலும் ஆள் நேரமும் வீண் என்பதால்தான் இந்த இடைநிலையம். இதன் விலை குப்பை எடுப்பவரின் ஒப்பந்தத்தில் இராது, தனி ஒப்பந்தம். 2022 ஜனவரியில் புலாவ் புரோங் தீப்பிடித்து வாரக்கணக்கில் புகைந்தது, சுற்றுப்பகுதிப் பள்ளிகளை மூட வேண்டி வந்தது. தினசரி மண் மூடுவதிலும் வாயுவை வெளியேற்றுவதிலும் மிச்சம் பிடித்தால் நிலநிரப்பில் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் வேண்டாம். எரிஉலை கட்டிவிடலாமே என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் எழுவார். தாமான் பெரிங்கினில் நாளைக்கு 1,000 டன் எரிஉலைத் திட்டம் கெப்போங் வட்டார மக்கள் எதிர்ப்பில் கிடப்புக்குப் போனது என்பதை மட்டும் சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விடுங்கள். அது இரவு முழுக்கப் பேசும் தலைப்பு.

"டீசல் ஏறிவிட்டது, சம்பளம் ஏறிவிட்டது, விலையை ஏற்று" என்ற வாதம் எப்போதும் வரும். அதைக் கணக்கால் சந்திக்கலாம். தீபகற்பத்தில் டீசல் 2024 ஜூன் 10 அன்று லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது. குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரியில் 1,500-இலிருந்து 1,700 ஆனது. ஒரு லோரி நாளைக்கு 40 லிட்டர் குடிக்கிறது, மாதம் 26 நாள் என்று வைத்தால் டீசலில் கூடுதல் 1,248 ரிங்கிட். லோரியின் மூன்று ஆட்களுக்கும் தலைக்கு 200 ரிங்கிட் ஏறியது, இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) 13 விழுக்காடு சேர்த்தால் 678. மொத்தம் 1,926. அந்த லோரி நாளைக்கு மூன்று நடை, நடைக்கு 5 டன் ஏற்றினால் வாரம் இருமுறை முறையில் ஏறக்குறைய 2,000 வீடுகளைப் பார்க்கும். வீட்டுக்கு மாதம் 96 சென். ஒப்பந்தக்காரர் வீட்டுக்கு 3 ரிங்கிட் கேட்டால் மிச்சம் 2 ரிங்கிட் எதற்கு என்று விளக்க வேண்டியது அவர் பொறுப்பு. உங்கள் பகுதியின் லிட்டரும் நடையும் வேறாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். விலையேற்றச் சூத்திரம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தால் இந்தப் பேரமே வேண்டாம்: டீசலுக்கு இத்தனை பங்கு, ஊதியத்துக்கு இத்தனை பங்கு, இறங்கினால் விலையும் இறங்கும். கடைசி மூன்று சொல் பல ஒப்பந்தங்களில் இராது.

கால அளவு பற்றி என் கருத்தை மறைக்கவில்லை: 22 ஆண்டு அதிகம். கோலாலம்பூர் ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 2019-இல், அலாம் ஃபுளோரா மாலாகோஃப் என்ற மின் உற்பத்தி நிறுவனத்தின் கைக்கு விற்கப்பட்டது. வரி கட்டுபவரின் குப்பை ஒரு முதலீடாகக் கைமாறியது. சட்டப்படி தவறு எதுவுமில்லை. உரிமை மாறும்போது மன்றத்துக்கு மறுபேச்சு உரிமை உண்டா என்று முன்பே எழுதிவைக்க வேண்டும், அவ்வளவுதான். அதே சமயம் இரண்டாண்டு ஒப்பந்தமும் கெடுதல். நசுக்கு லோரியின் பெட்டி ஏழெட்டு ஆண்டு தாங்கும். இரண்டாண்டுக்கு யாரும் புது லோரி வாங்க மாட்டார்கள். பழைய வண்டியைத் தட்டிக்கொட்டி ஓட்டுவார்கள். பின்கதவின் ரப்பர் சீல் தேய்ந்த பழைய லோரிதான் தெருவெல்லாம் ஆயர் லிண்டியை (குப்பையிலிருந்து வடியும் சாறு) சொட்டிக்கொண்டு போகிறது. அந்த நாற்றத்துக்குத் தெருக்காரர் திட்டுவது ஓட்டுநரை. காரணம் ஒப்பந்தக் காலம். ஐந்திலிருந்து ஏழு ஆண்டு, இடையில் ஒரு தர ஆய்வு, லோரிக்கு வயது உச்சவரம்பு, அடியில் சாற்றுத் தொட்டி கட்டாயம், அதைக் காலிசெய்வது மாற்று நிலையத்தில் மட்டும். இதுதான் நான் கேட்பது. வால்வைத் திறந்து சாக்கடையில் விடுவதற்கு அபராதத் தொகை தனியாக இருக்கட்டும்.

தவறிய எடுப்பை எப்படி வரையறுக்கிறார்கள் என்பதிலும் கவனம். கோலாலம்பூரில் "2+1" முறை: வாரம் இருநாள் மிச்சக் குப்பை, ஒருநாள் மறுசுழற்சிப் பொருளும் பெரிய சாமானும் தோட்டக் கழிவும். அங்கே 120 லிட்டர் தொட்டி. ஐந்து பேர் வீட்டில் நான்கு நாள் சேர்ந்தால் 23 கிலோ. தளர்ந்த குப்பை கனமீட்டருக்கு 200 கிலோ என்றால் அது 117 லிட்டர், தொட்டி விளிம்புவரை. ஒரு நாள் தவறினால் ஏழு நாள் குப்பை, 41 கிலோ, 205 லிட்டர். பாதி தரையில், மறுநாள் காலை நாயும் காக்கையும். அதனால் "48 மணி நேரத்தில் எடுப்போம்" என்ற வாக்கியம் நம் வெயிலுக்குப் போதாது. 24 மணி நேரம் என்று மாற்றக் கேளுங்கள். எடுக்கத் தவறினால் ஒப்பந்தக்காரரிடம் பிடிக்கும் கழிவுத்தொகை புகார் எண்ணிக்கைப்படியா, தவறிய தெருப்படியா? புகார்ப்படி என்றால் வாயுள்ள தாமானுக்கு மட்டும் சேவை கிடைக்கும். ஹரி ராயா, சீனப் புத்தாண்டு, தீபாவளி வாரங்களுக்கு மாற்று அட்டவணை இருக்க வேண்டும்: ஏழு நாள் இடைவெளி விழுந்தால் உங்கள் 400 வீடுகளுக்கு வழக்கமான இரண்டு நடை நான்காகும். தைப்பூசத்தில் தண்ணீர்மலை வரை வீதியெல்லாம் உடைக்கும் தேங்காய் போன்றவை வீட்டுக் குப்பை ஒப்பந்தத்தில் சேராது. அது தனி வேலை, தனிச் செலவு. இரண்டையும் ஒரே தொகையில் கலந்து காட்டினால் பிரித்துக் கேளுங்கள்.

அடுக்குமாடிக்குத் தனிக் கணக்கு. 300 யூனிட், யூனிட்டுக்கு நான்கு பேர்: நாளைக்கு 1,404 கிலோ, அதாவது 7 கனமீட்டர். 660 லிட்டர் தொட்டி என்றால் தினமும் எடுத்தாலும் 11 வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் 22, உடைந்தவைக்கு இன்னும் நான்கு. நிர்வாகக் குழு எட்டு தொட்டி வாங்கி வைத்துவிட்டு லோரி வரவில்லை என்று புகார் செய்வதைப் பார்க்கலாம். சக்கரம் உடைந்த தொட்டியை லோரியின் தூக்கி பிடிக்காது. கெலிண்டான் கையால் இழுக்க மாட்டார், அவர் முதுகு அவருக்கு முக்கியம். குப்பை அறையின் சாவி காவலரிடம் காலை எத்தனை மணிக்கு இருக்கும் என்பதும் ஒப்பந்தத்தைப் போலவே முக்கியம்.

மறுசுழற்சிப் பொருளை வீட்டிலேயே பிரித்து வைப்பது பற்றி ஒரே ஒரு சோதனை. கூட்டரசுப் பகுதியில் 2015 செப்டம்பரில் கட்டாயமாக்கி 2016 ஜூனில் அபராதம் தொடங்கினார்கள். பிரித்ததைத் தனி லோரி எடுக்கிறதா, அதற்குத் தனி எடைச் சீட்டு உண்டா? இல்லையென்றால் வீட்டில் பிரிப்பது வெறும் உடற்பயிற்சி.

கடைசியாக, இதையெல்லாம் எங்கே கேட்பது. இந்த ஒரு விஷயத்தில் பினாங்குக்காரர் கோலாலம்பூர்க்காரரைவிடக் கொடுத்துவைத்தவர். இரண்டு இடத்திலும் ஊராட்சித் தேர்தல் இல்லை. கோலாலம்பூரில் மன்ற உறுப்பினரே கிடையாது, மேயரும் ஆலோசனைக் குழுவும்தான். பினாங்கில் மாநில அரசு நியமித்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 171-ஆவது சட்டப்படி மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. செயற்குழுக் கூட்டங்கள் அப்படியல்ல. 2010-இல் நிறைவேறிய தகவல் சுதந்திரச் சட்டம் மாநில அளவில் இருக்கிறது; நாடு முழுமைக்கும் அப்படி ஒன்று இல்லாத காலத்தில் வந்தது. விண்ணப்பத்தில் "குப்பை ஒப்பந்தம் பற்றிய எல்லா விவரமும்" என்று எழுதாதீர்கள், எளிதாக மறுத்துவிடலாம். உங்கள் தடத்தின் எண், கடந்த மூன்று மாத எடைச் சீட்டுகள், கழிவுத்தொகை எவ்வளவு பிடித்தார்கள், விலையேற்றச் சூத்திரத்தின் பக்கம் என்று நான்கை மட்டும் கேளுங்கள். விண்ணப்பத்தைக் கூட்டத்துக்கு முன்பே போட்டுவிட்டால், அன்று மேடையில் வரும் அதிகாரியிடம் அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டே பேசலாம்.